ஒன்பதாம் இலக்க வீட்டு ஆள்

எர்லன்ஷைட்டில் மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். ஜெர்மன் நாட்டு ஸாவர்லாந்து மலைகளுக்கு நடுவில், நாளைக்கு நான்கு தரம் மட்டும் பேருந்து வந்து திரும்புகிற கிராமம். கடை இல்லை. வெதுப்பகத்துக்காரர் செவ்வாயும் வெள்ளியும் வாகனத்தில் பாண் கொண்டுவந்து மணி அடிப்பார். தேவாலயம் ஒன்று, தீயணைப்புப் படையின் கொட்டகை ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு குளம். அவ்வளவுதான் ஊர்.

லவனும் மனைவி யோசப்பினும் இலக்கம் ஒன்பது வீட்டை வாங்கி வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கொலோனில் மூன்றாம் மாடியில் இருந்தவர்கள். பழைய வீடு, சொந்தக்காரர் செத்துப்போய்ப் பிள்ளைகள் யாரும் வர விரும்பாத வீடு என்று மலிவாகக் கிடைத்தது. லவன் பள்ளத்தாக்கில் உள்ள சுருள்கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தான். யோசப்பின் அதற்கு அடுத்த பட்டினத்தில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். மகள் மெலனி ஆஹெனில் படித்துக்கொண்டிருந்தாள். லவன் சைவம், யோசப்பின் கத்தோலிக்க வேதம். ஆனியில் ஹம் நகரத்து அம்மன் கோவில் தேருக்கும் ஓகஸ்ட்டில் கேவலார் மாதாவிடமும் இரண்டு பேருமாகப் போய்வருவார்கள். மற்றப்படி தோட்டம், வேலை, தொலைபேசி. ஊராருடன் சண்டையும் இல்லை, அதிகப் பழக்கமும் இல்லை. வேலிக்கு மேலால் கை காட்டுவார்கள், பனிக்காலத்தில் ஒருவர் வாசல் பனியை மற்றவர் தள்ளிவிடுவார்கள்.

ஒரு செப்டம்பர் மாதம், சனிக்கிழமை பின்னேரம், கிஸ்பெர்ட் வந்து கதவைத் தட்டினார். அவர் தச்சர். தீயணைப்புப் படையின் பொறுப்பாளரும் அவர்தான். அறுபதை நெருங்கிய ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யோசப்பின் தேநீர் வைத்தாள். அவர் மூன்று சீனி போட்டுக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்.

நகரசபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். படையில் பதினாறு பேர் இருந்தாலும் பகலில் ஊரில் இருப்பது மூன்றே பேர்தான். மற்றவர்கள் வேலைக்காக ஐம்பது அறுபது கிலோமீற்றர் போய்விடுகிறார்கள். அடுத்த டிசம்பருக்குள் பகலில் ஓடிவரக்கூடிய ஆறு பேரையாவது காட்டாவிட்டால் எர்லன்ஷைட் படையை மூடிப் பட்டினத்துப் படையோடு சேர்த்துவிடுவார்கள். பட்டினத்து வண்டி மேலே ஏறிவர இருபத்தைந்து நிமிடம்.

"சரி," என்றான் லவன். "அதற்கு நாங்கள் என்ன செய்யவேண்டும்?"

கிஸ்பெர்ட் தன்னுடன் கொட்டகைவரை நடந்து வர முடியுமா என்று கேட்டார்.

கொட்டகையின் உட்சுவரில் ஒரு நீண்ட மரப்பலகை இருந்தது. ஊர்ச் சரித்திரத்தை எழுதிச் சேர்த்துவருகிற அன்னெகிரெட் அங்கே நின்றாள். எழுபத்துநான்கு வயது, முன்பு தபால்காரி, எல்லா வீட்டுக் கதையும் தெரிந்தவள். அவள்தான் விளக்கினாள். 1911 ஆம் ஆண்டு ஜூலையில், ஊர் முழுதும் புல்வெட்டுக்குப் போயிருந்த பகலொன்றில், ஏழு வீடுகள் எரிந்துபோயின. அணைக்க ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த வருடம் முடியுமுன் ஊரார் கூடி இரண்டு காரியம் செய்தார்கள். குளம் வெட்டினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் படைக்கு வரவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வீட்டுக்காரன் மாறலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். யார் இருந்தாலும் அந்த வீட்டு ஆள் ஒருவர். பலகையில் வீட்டு இலக்கங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள். இலக்கம் ஒன்பதில் கடைசிப் பெயர் 1998 இல் முடிந்திருந்தது.

இந்த வழக்கம் இப்போது சட்டமில்லை, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று கிஸ்பெர்ட் இரண்டுதரம் சொன்னார். லவன் கிழமைவிட்டுக் கிழமை காலை முறை வேலைக்குப் போகிறவன், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் இருப்பவன் என்பதைக் கவனித்ததாகவும் சொன்னார்.

லவன் மரியாதையாகத் தலையாட்டினான். தனக்கு முதுகு சரியில்லை என்றான். அது பொய்யல்ல, ஆனால் அது காரணமும் அல்ல.

யோசப்பின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் இலக்கத்தில் 1944 க்கு நேரே மத்தில்டே என்று ஒரு பெண் பெயர் இருந்தது. அது யார் என்று கேட்டாள். ஆண்கள் எல்லாரும் போருக்குப் போனபின் பதினொரு பெண்கள்தான் இரண்டு வருடம் பம்பைத் தள்ளினார்கள் என்றாள் அன்னெகிரெட். மத்தில்டேக்கு அப்போது நான்கு பிள்ளைகளாம்.

"நான் நாளாந்தம் ஒன்றரைக்கு வேலை முடிந்து வந்துவிடுவேன்," என்றாள் யோசப்பின் ஜெர்மன் மொழியில். "எண்பது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்துகிறேன். குழாய் பிடிக்கமாட்டேனா?"

கிஸ்பெர்ட் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது லவன் கேட்டான்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை நீர்."

"உங்களைத்தானே முதல் கேட்டவை. நீங்கள் ஏலாது எண்டிட்டியள்."

"ஒண்டு பிழைச்சால் எங்கட பேர்தான் அடிபடும். தெரியுமோ?"

"தெரியும்," என்றாள் அவள். "ஒண்டும் பிழைக்காமல் பாப்பம்."

ஒக்டோபரில் பயிற்சி தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம், சில சனிக்கிழமைகள் முழுநாள். யோசப்பின் காற்றுக்கலனை முதுகில் கட்டிக்கொண்டு ஏணி ஏறினாள், கண்ணைக் கட்டிக்கொண்டு குழாயைத் தடவிப் பிடித்தபடி தவழ்ந்து திரும்பினாள். முடிச்சுகள் மட்டும் அவளுக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. குருநகர்க் கடற்கரையில் மீன்பிடிகாரத் தகப்பன் கிழிந்த வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்து கட்டியவைதான். கிஸ்பெர்ட் ஒரு முடிச்சைப் பார்த்துவிட்டு, அதை அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டச் சொன்னார். மெலனி ஆஹெனிலிருந்து தொலைபேசியில் படம் கேட்டாள். தலைக்கவசத்தோடு எடுத்த படத்தைத் தன் வகுப்பு முழுவதற்கும் காட்டினாளாம்.

லவன் தடுக்கவில்லை. மனைவியை இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்கிற வழக்கம் அவனிடம் இருந்ததில்லை. ஆனால் வீட்டுக்குள் பேச்சுக் குறைந்தது.

நவம்பரில் முதல் அழைப்பு வந்தது. இரும்பாலை வளைவு என்கிற வீதித் திருப்பத்தில் பாரவண்டி ஒன்று எண்ணெய் சிந்திவிட்டதாம். யோசப்பினின் இடுப்பில் இருந்த, படை கொடுத்த அழைப்புக் கருவி கத்தியது. அவள் ஓடினாள். இரண்டு மணித்தியாலத்தில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தபோது லவன் குசினி மேசையில் இருந்தான். அவன் முன்னால் அண்டா நிறைய உரித்த உருளைக்கிழங்கு. நிலவறையிலிருந்த பன்னிரண்டு கிலோ மூட்டை வெறுமையாகக் கிடந்தது.

"என்னப்பா இது?"

"சும்மா இருக்க ஏலாமல் இருந்தது."

அந்தக் கிழமை முழுதும் கிழங்குப் பிரட்டல், கிழங்குக் கறி, ரொட்டிக்குள் கிழங்கு. மிஞ்சியதை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனாள். அடுத்த அழைப்பு ஒரு வீட்டு நிலவறையில் தண்ணீர். அன்று அவன் குளிர்பதனப் பெட்டியை முழுதாக இறக்கித் துடைத்து வைத்திருந்தான். மூன்றாவதில் எல்லாச் சப்பாத்துகளும் மினுங்கின. யோசப்பின் முதலில் பகிடியாக எடுத்தாள். பிறகுதான் பார்த்தாள். மினுங்கிய சப்பாத்தையே அவன் பிரஷ்ஷால் மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் பனி முழங்கால் அளவு கிடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கேட்டாள். அவன் சொன்னான். இருபத்தைந்து வருடக் கலியாணத்தில் சொல்லாத கதை.

1993 இல் அவன் அகதி விடுதியில் இருந்தான். எந்தப் பட்டினம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் அப்படி நடந்தது. யாரோ கீழ் மாடியில் எரிகிற போத்தலை எறிந்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அவனுடன் அறையில் இருந்த சோதிலிங்கம் மட்டும் அகதி மனுக் கடதாசிகள் உள்ளே என்று திரும்ப ஓடினான்.

"அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றான் லவன். "கை ரெண்டும் வெந்தது, அவ்வளவுதான். இப்ப ரொறொன்ரோவில பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியிறான். ஆனால் அவன் வெளியில வர நாப்பது நிமிசம். நான் றோட்டில நிண்டனான். உள்ளுக்கை போகவும் விடுகினமில்லை, அவனைத் தெரியவும் இல்லை. அந்த நாப்பது நிமிசத்தை நீர் ஒவ்வொரு முறையும் எனக்குத் திருப்பித் தாறீர்."

யோசப்பின் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விட்டுவிடவா என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

அவன் வேண்டாம் என்றான். "விட்டால் நீர் என்னைப் பாக்கிற பார்வையில, எனக்காக விட்டது இருக்கும். அதையும் என்னாலை ஏலாது."

அதன்பிறகு வீட்டில் பேச்சு வந்தது. பயம் போகவில்லை, ஆனால் அது இப்போது இரண்டு பேருக்கும் தெரிந்த பயமாக இருந்தது. அவள் போகும்போது என்ன, எங்கே என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஓடினாள். அவன் கிழங்கை விட்டுவிட்டான்.

ஏப்ரலில் மூன்று கிழமையாக மழை இல்லை. கிழக்குக் காற்று இரவும் பகலும் வீசியது. ஊருக்கு மேலே ஆட்டுமேடு என்கிற சரிவில் முன்பு கறுப்பாக நின்ற ஃபிக்டே என்கிற ஊசியிலை மரங்களெல்லாம் பட்டைவண்டு தின்று செத்து, வெட்டி இழுத்துக்கொண்டு போகப்பட்டிருந்தன. எஞ்சியது கட்டைகள், காய்ந்த கிளைகள், போன வருடத்து வெள்ளைப் புல். கிஸ்பெர்ட் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. லவனுக்குக் காலை முறை முடிந்திருந்தது. பாணும் நண்டுக்கறியும் வைத்துச் சாப்பிட இருந்தார்கள். பட்டினத்து வியட்நாம் கடையில் அபூர்வமாக நண்டு கிடைத்த நாள் அது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஊர்ச் சங்கு ஊதியது, இடுப்புக் கருவியும் சேர்ந்து கத்தியது. யோசப்பின் கையைக் கழுவாமலே எழுந்தாள்.

"ஆட்டுமேடு," என்றாள் கருவியைப் பார்த்து. "புல்லு எரியுதாம். போட்டுவாறன்."

"கவனம்," என்றான் அவன். அவள் போய்விட்டாள்.

லவன் யன்னலைத் திறந்தான். சரிவின் நடுவில் புகை நிமிராமல் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து வந்தது. நண்டுக்கறியை மூடி வைத்தான். திறந்து பார்த்தான். மறுபடி மூடினான். ஐந்து நிமிடம் நின்றான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே இறங்கி நடந்தான். மேட்டுக்குப் போனால் இடைஞ்சல் என்று அவனுக்குத் தெரியும். எங்கே போகிறோம் என்று தீர்மானிக்காமலே கொட்டகைப் பக்கம் போனான்.

அன்று ஓடிவந்தவர்கள் ஐந்து பேர். வண்டியில் இருந்த எழுநூற்றைம்பது லீற்றர் தண்ணீர் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும் என்று கிஸ்பெர்ட்டுக்குத் தெரியும். ஆகவே போகிற வழியிலேயே குளக்கரையில் தூக்கிப்போகக்கூடிய இயந்திரப் பம்பை இறக்கி, உறிஞ்சுகுழாயைக் குளத்தில் விட்டு, மேடுவரை அறுநூறு மீற்றருக்குக் குழாயை விரித்துக்கொண்டு போயிருந்தார்கள். பம்போடு நிறுத்த ஆள் இல்லை. எதிர் வீட்டிலிருந்து ஓடிவந்த அன்னெகிரெட்டிடம், இந்த முள் சிவப்புக்குப் போனால் இந்தப் பிடியைக் குறை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

லவன் வரும்போது அவள் வீட்டுச் செருப்போடு பம்பைக் கட்டிப்பிடித்தவள்போல் நின்றாள். பம்ப் இருமிக்கொண்டிருந்தது. முள் துள்ளியது.

"தண்ணீர் எடுக்கவில்லை," என்றாள் அவள். "இலை அடைத்துவிட்டது. எனக்கு இறங்க முடியாது."

லவன் குளத்தைப் பார்த்தான். வருடக்கணக்காக விழுந்த மர இலைகள் அடியில் கறுப்புச் சேறாகக் கிடந்தன. உறிஞ்சுகுழாயின் வாயில் இருந்த வடிகட்டிக் கூடை அதற்குள் புதைந்திருந்தது. அவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். குளிர் நெஞ்சை வந்து பிடித்தது. குனிந்து கூடையைச் சேற்றிலிருந்து தூக்கி, அப்பியிருந்த இலைகளை இரண்டு கையாலும் வழித்தெறிந்தான். பம்ப் ஒருதரம் பெரிதாக இருமிவிட்டு ஒரே சீராக இரையத் தொடங்கியது. கரையில் சப்பையாகக் கிடந்த குழாய் உருண்டு திரண்டு விறைத்தது.

கூடையைக் கீழே விட்டால் மறுபடி புதையும். எனவே அவன் அதை ஏந்திக்கொண்டே நின்றான். இரண்டு நிமிடத்துக்கொருதரம் இலை வந்து அப்பும். வழிப்பான். கை மரத்துப்போனது. ஒரு கையால் பிடித்து மறு கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கினான், பிறகு மாற்றினான்.

மேட்டில் என்ன நடக்கிறது என்று அங்கிருந்து தெரியவில்லை. கொட்டகைக் கூரை மறைத்தது. புகை மட்டும் தலைக்கு மேலால் போனது. ஆனால் உறிஞ்சுகுழாய் அவன் கைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் போகிறது. போகிறதென்றால் மறுமுனையில் யாரோ குழாய் வாயைத் திறந்து பிடித்திருக்கிறார்கள். ஒருதரம் அதிர்வு நின்றது. அவன் கூடையைத் தடவிப் பார்த்தான், இலை இல்லை. அங்கே யாரோ வால்வைப் பூட்டி இடம் மாறியிருப்பார்கள், மறுபடி தொடங்கும் என்று அன்னெகிரெட் கரையிலிருந்து கத்தினாள். அரை நிமிடத்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு அவனுக்குப் பயப்பட நேரமில்லை. இலை வந்துகொண்டே இருந்தது.

பால்பண்ணை அன்செல்ம் உழவு இயந்திரத்தில் சாணித்தண்ணீர்த் தாங்கியை மாட்டிக்கொண்டு வந்து, ஓடையில் நிரப்பி நிரப்பி மேலே கொண்டுபோனார். பக்கத்துக் கிராமத்துப் பண்ணைக்காரர் இரண்டுபேரும் அதேபோல் வந்தார்கள். ஊரெல்லாம் நாற்றம். பட்டினத்து வண்டிகள் மூன்றேகால் மணிக்கு வந்தபோது நெருப்பு முதல் வீட்டுக் கொல்லையிலிருந்து எண்பது மீற்றரில் நின்றிருந்தது. அதற்கு இப்பால் அது வரவில்லை.

ஐந்து மணியளவில் பம்பை நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது. பின்னால் யோசப்பின் இறங்கி வந்தாள். முகத்தில் கரி, தலைக்கவசம் கையில், உடம்பெல்லாம் மாட்டுச்சாணி மணம். அன்னெகிரெட் குளத்தைக் காட்டினாள். யோசப்பின் கரையில் வந்து நின்று பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"இலை எடுக்கிறன்," என்றான் லவன். பல் அடித்தது.

"எவ்வளவு நேரமா?"

"நீர் தண்ணி பிடிச்ச நேரமெல்லாம்."

அவள் கையை நீட்டினாள். அவன் கரையேற முயன்று வழுக்கினான், அவளும் சேர்ந்து சேற்றில் முழங்காலில் விழுந்தாள். இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிஸ்பெர்ட் வந்து ஆளுக்கொரு தோளாகப் பிடித்து இழுத்துவிட்டார். கம்பளி ஒன்றை அவனுக்குப் போர்த்தி, நாற்பத்தைந்து வருடம் இந்தப் படையில் இருக்கிறேன், கூடையை ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையில் ஏந்தியிருப்பதை இன்றுதான் பார்த்தேன், அதற்கு ஒரு கயிறும் மிதவையும் கொட்டகையில் இருக்கிறது என்றார்.

"அதை ஏன் அங்கே கட்டவில்லை?" என்று கேட்டான் லவன்.

"மறந்துபோனேன்," என்றார் கிஸ்பெர்ட்.

அன்றிரவு நண்டுக்கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். லவனுக்கு விரல் மடியவில்லை. யோசப்பின் ஓடு உடைத்து அவன் தட்டில் சதையை எடுத்து வைத்தாள். பயந்தீர்களா என்று கேட்டாள். முதல் ஐந்து நிமிடம், யன்னலில் நின்றபோது என்றான். அதற்குப் பிறகு?

"அதுக்குப் பிறகு எங்கை நேரம்?"

மே மாதம் நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து சரிவைப் பார்த்தார்கள், குளத்தைப் பார்த்தார்கள், படையின் பதிவுகளை வாங்கிக்கொண்டு போனார்கள். எர்லன்ஷைட் படையை மூடும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுவதாகக் கடிதம் வந்தது. ஆட்கள் ஆறு ஆகவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. யோசப்பினையும் புதிதாகச் சேர்ந்த இன்னொருவரையும் சேர்த்துப் பகலில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். கிஸ்பெர்ட் லவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் நின்று போஞ்சி முளைத்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார். கேட்காததுதான் லவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பெரும் புயல்மழை வந்து ஓய்ந்தது. சங்கு ஊதியபோது யோசப்பின் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வீதிக்குக் குறுக்கே பெரிய ஆஷ் மரம் விழுந்துவிட்டதாம். அவள் கையை உதறிக்கொண்டு ஓட, லவனும் பின்னால் ஓடினான். என்னத்துக்கு என்று அவள் கேட்கவில்லை.

கொட்டகையில் கிஸ்பெர்ட் அவனை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பழைய மேலங்கியையும் பூட்ஸையும் காட்டினார். பூட்ஸ் யாருடையதோ, அளவு நாற்பத்தைந்து. லவனின் கால் அதற்குள் மணியின் நாக்குப்போல் ஆடியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. கிஸ்பெர்ட் இயந்திர வாளால் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்தார். லவனும் யோசப்பினும் அன்செல்மும் துண்டுகளை உருட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. யாரோ ஒருவர் இறங்கிவந்து கிளைகளை இழுக்க உதவினார். வேறொருவர் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். கால்மணி, என்றான் லவன், தனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காமலே. வேரடிப் பக்கம் தள்ளும்போது அவனுடைய இடது பூட்ஸ் சேற்றுக்குள் நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு அவன் யோசப்பினின் தோளைப் பிடித்தான். அவள் ஒரு கையால் அவனைத் தாங்கி மறு கையால் பூட்ஸைப் பிடுங்கி, உள்ளே இருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

கடைசித் துண்டும் போனபிறகு வீதியைக் கூட்டிவிட்டு வழிவிட்டார்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. கிஸ்பெர்ட் வாளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். லவன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நாற்பத்தொன்று," என்றான்.

"என்ன?"

"என்னுடைய கால். நாற்பத்தொன்று."

கிஸ்பெர்ட் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கடதாசி இல்லை. வெட்டிப்போட்ட மரத்துண்டில் பெரிதாக எழுதிக்கொண்டு, அதை வண்டிக்குள் தன் இருக்கையில் வைத்தார்.